என் உயிர் ருபியேலுக்கு!

அக்கார்டியன் தனியாக வாசிக்கும் அந்த எட்டு விநாடிகளுக்கு இன்னும் ஒரு சரணம்தான் இருந்தது.

மேடை ஓரத்தில் எதுல்ஃபோ அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பாடுவது அவர் மனைவி யோலிமா அக்கா. வேர்ப்பது அவருக்கு.

நான் பின்பாட்டுக்காரி. என் மைக் அண்ணனுக்குக் கை எட்டும் தூரத்தில்.

எங்கள் பாட்டுகளில் அந்த எட்டு விநாடிகளில் யாரையாவது பேர் சொல்லி வாழ்த்தியாக வேண்டும். மேயரை, மாட்டுப் பண்ணைக்காரரை, பிரசவம் பார்த்த டாக்டரை. யோலிமா அக்கா இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், தன் முதல் கேசட்டில், "என் உயிர் ருபியேலுக்கு!" என்று கத்தினார்.

பாட்டு பறந்தது. எட்டே மாதத்தில் அக்கா எதுல்ஃபோவைக் கட்டிக்கொண்டார்.

யார் அந்த ருபியேல்? வானொலிக்காரர்கள் இன்றுவரை கேட்கிறார்கள். அக்கா சிரிப்பார், சொல்ல மாட்டார்.

அந்தக் காலத்தில் அவரோடு பாட வந்தவர்களில் ஒருவர் அழகு நிலையம் வைத்துவிட்டார், ஒருவர் மியாமிக்குப் போய்விட்டார். அக்காவுக்கு மட்டும் இன்னும் திருவிழாவுக்குத் திருவிழா அழைப்பு. புதுப் பாட்டுகளை ஜனங்கள் மரியாதையாகக் கேட்பார்கள். வருவதென்னவோ அந்தப் பேரைக் கூடச் சேர்ந்து கத்தத்தான்.

இன்று காலை மகங்கே ஊர் வானொலியில் ஒருவன் அண்ணனிடமே கேட்டுவிட்டான். "ருபியேல் திரும்பி வந்தா, வீட்ல ஒரு கட்டில் போட்டுக் குடுப்பீங்களா, சார்?"

அண்ணன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. வண்டியில் ஏறியதும் ஆரம்பித்தார்.

"போதும்யா. இன்னைக்கு மேடையில உன் பேரைத்தான் சொல்லப்போறேன்."

"வேணாம் யோலி. அந்தப் பேர்லதான் பதினோரு பேர் வீட்ல அடுப்பு எரியுது. பாட்டையே கொன்னுடாத."

"செத்தா சாகட்டும். என் புருஷனை ஊரே இளிச்சவாயன்னு சொல்லும், நான் பாடிக்கிட்டே இருக்கணுமா?"

எனக்கு வீட்டு வாடகை ஞாபகம் வந்தது.

சரணம் முடிந்தது. அக்கார்டியன் எழும்பியது.

ஆற்றங்கரைத் திடலில் எட்டாயிரம் பேர் மூச்சை இழுத்தார்கள். அக்கா அண்ணனைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"என் உயிர் எதுல்..."

"ருபியேலுக்கு!"

திடலே கத்தியது. தொப்பிகள் பறந்தன. அக்காவின் குரல் போன இடம் தெரியவில்லை.

அக்கார்டியன்காரன் நிலைமை புரிந்து அதே எட்டு விநாடிகளை மறுபடி வாசித்தான். அக்கா மறுபடி கத்தினார். திடல் இன்னும் பலமாகக் கத்தியது. குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கத்தினார்கள். ஐஸ் சீவிக்கொண்டிருந்தவன் சீவுவதை நிறுத்திவிட்டுக் கத்தினான்.

மூன்றாவது தடவை அக்காவால் முடியவில்லை. மைக்கை நெஞ்சோடு அணைத்துக் குனிந்து, கண்ணீர் வரச் சிரித்தார்.

அப்போதுதான் எதுல்ஃபோ அண்ணன் தன்னை மறந்து, பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டதுபோல, வலது கையை உயர்த்தினார்.

"இங்கேதான் இருக்கேன்!"

அந்த இரைச்சலில் அது எனக்கு மட்டும்தான் கேட்டது. நான் திரும்பினேன். அவர் காது மடல்கள் சிவந்துவிட்டன.

"எங்கப்பா பாஸ்டர், தங்கச்சி" என்றார், என் காதோடு. "டான்ஸ் ஆடப் போனேன்னு தெரிஞ்சா தோலை உரிச்சிருவாரு. மொத நாள் ஆடும்போது இவ என் பேரைக் கேட்டா. பயத்துல ருபியேல்னு வாய்க்கு வந்த பேரைச் சொல்லிட்டேன். அப்புறம் ஒருநாள் நிஜத்தைச் சொல்லிடலாம்னு பூவை வாங்கிட்டுப் போறேன், அந்தத் தெருவுல இருக்கிற அத்தனை ரேடியோவும் என்னைக் கூப்பிடுது!"