நாலு பேர் குகை

காலடிப்பேட்டை பிரவுசிங் சென்டரில் நாலு தோஸ்துகளும் விடிய விடிய ஆடிய பூதக்குகை கேம், பன்னிரண்டு வருஷம் கழித்து ஆன்லைனில் மறுபடி திறந்திருந்தது. பாரி மூவருக்கும் போன் போட்டான்.

"கிரேன் மேல கீறேன் மாமு, அப்பால பேசறேன்," என்றான் ரெஜி.

"கொயந்தைக்கு ஜொரம்பா," என்றான் ஜெபசிங்.

செங்குட்டுவன் எடுக்கவேயில்லை.

பாரி தனியாகவே குகைக்குள் நுழைந்தான். இருட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"வந்துவிட்டாயா பாரி? எத்தனை காலமாகக் காத்திருக்கிறேன்! எங்கே உன் நண்பர்கள்?"

"யாரும் வர்ல மாமு. நான் மட்டுந்தான் வந்துகீறேன்," என்றான் பாரி, திரையைப் பார்த்து.

கோடரியை ஓங்கிக்கொண்டு வெளியே வந்தது, அன்று நாலு பேரும் சேர்ந்து வெட்டிச் சாய்த்த அதே பூதம்.

வாளை உருவப்போன பாரி கையை எடுத்துவிட்டான். அவனுக்காகக் காத்திருந்தது அது ஒன்றுதானே!