படைப்புப் பெட்டியில் ஒரு பட்டாளத்துக் கத்தி

“செத்தவருக்கு எத்தனை தடவைதான் படைக்கிறது?” என்று இராமு செட்டியார் கேட்டதும், அந்தப் பெண் கையிலிருந்த வேட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

பர்மாவிலிருந்து வந்திருந்தாள். திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து வலையபட்டி வரை என் காரில்தான் கூட்டிவந்தேன். தட்டுத்தடுமாறிய தமிழில் வழியெல்லாம் ஒன்றையே சொன்னாள். தாத்தா வயிரவன் செட்டியார் அங்கே மோல்மேனில் அறுபத்தொன்றாம் வருஷம் இறந்தார். அவருடைய வேட்டியைப் பிறந்த வீட்டுப் படைப்பில் சேர்க்க வேண்டும். அம்மாவுக்கு நடமாட்டம் குறைந்துவிட்டதால் இவள் வந்தாள்.

படைப்பு என்பது செட்டியார் வீடுகளில் முன்னோருக்கு இலை போட்டுக் கும்பிடும் நாள். இறந்தவர்களின் வேட்டி சேலைகளை ஒரு பெட்டியில் வைத்திருப்பார்கள். அந்தப் பெட்டிக்குள் துணி போனால்தான் ஆள் வீடு வந்து சேர்ந்ததாக அர்த்தம்.

இராமு செட்டியார், வயிரவனின் தம்பி மகன். அவர் வீட்டுக் கதை வேறு. பெரியப்பச்சி, அதாவது பெரியப்பா, நாற்பத்திரண்டில், பர்மாவில் ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயத்தில், காட்டு வழியாக நடந்து வரும்போதே போய்விட்டார். கூட நடந்தவர் அவருடைய கத்தியை மட்டும் கொண்டுவந்து சேர்த்தார். துணி கிடைக்காததால் அந்தக் கத்திதான் பெட்டியில் இருக்கிறது. எண்பது வருஷமாக அதற்குத்தான் படைப்பு.

“இந்தா, சாட்சி” என்று அதைத் தாம்பாளத்தோடு நீட்டினார்.

காரோட்டிக்கு ஏ.சி. போடுவதும் டோல் கட்டுவதும்தான் வேலை. ஆனால் என் வாய் சும்மா இருந்து பழக்கமில்லை. அதுவும் பதினேழு வருஷம் பட்டாளத்து ஸ்டோரில் கத்தியும் கம்பளியும் எடுத்துக் கொடுத்தவன் நான்.

உள்ளங்கை அகல மடக்குக் கத்தி. கறுப்புப் பிடியில் கட்டம் கட்டமாக வெட்டு. முதுகில் கயிற்று முடிச்சு அவிழ்க்கும் தடித்த ஊசி. இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு வளையம். எல்லாவற்றின் மீதும் வருஷா வருஷம் பூசிய சந்தனம் ஏடு ஏடாக இறுகியிருந்தது.

“ஐயா, கோவிச்சுக்காதீக. இது வெள்ளைக்காரன் பட்டாளத்துக் கத்தி. அலகுல செஞ்ச வருஷத்தை அடிச்சிருப்பான். திறந்து பாத்திருக்கீகளா?”

யாரும் திறந்ததில்லை. முன்னோர் முன்னால் இரும்பை விரிக்கக் கூடாது என்று, வந்தது வந்தபடி மடக்கியே வைத்திருந்தார்கள். செட்டியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இன்றைக்கு வாடகை கிடைத்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

படைப்புக்காகப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்த அவருடைய அக்கா, தேனம்மை ஆச்சி, அடுப்படி நிலையில் நின்றபடியே சொன்னார்.

“திறக்கச் சொல்லு இராமு. பெரியப்பச்சி நம்மளைக் குத்தவா போறாக?”

தேங்காய் எண்ணெய் வந்தது. மூட்டில் விட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து, அலகிலுள்ள பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தேன். சந்தனம் உடைந்து உதிர்ந்தது. பாதியில் நின்று அடம்பிடித்து, பிறகு டக்கென்று விரிந்தது.

செய்தவன் பெயரைத் துரு தின்றுவிட்டது. அதன் கீழே அம்புக்குறி, சர்க்கார் சொத்து என்பதற்கு அடையாளம். அதற்கும் கீழே நான்கு எண்கள், தெளிவாக.

1945.

இராமு செட்டியார் கண்ணாடி போட்டுப் படித்தார். கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

நாற்பத்திரண்டில் செத்தவர் நாற்பத்தைந்தில் செய்த கத்தியை எப்படி வைத்திருப்பார்? சண்டை முடிந்ததும் பட்டாளத்துச் சாமான்களைச் சந்தையில் கொட்டி விற்றிருப்பார்கள். வயிரவன் செட்டியார் அதில் ஒன்றை வாங்கி, ஊருக்குக் கப்பலேறிய யாரிடமோ கொடுத்திருப்பார். அந்த ஆள் வாசலில் கொடுத்துவிட்டுத் தன் ஊருக்கு நடையைக் கட்டியிருப்பார். மீதிக் கதையை வீடே சொல்லிக்கொண்டது.

அந்தப் பெண் தாம்பாளத்தருகே வந்து குனிந்து பார்த்தாள்.

“தாத்தா கத்தி அனுப்பினாக. பதில் வரலை, பதில் வரலைன்னு சொல்லிக்கிட்டே இருப்பாகளாம். அம்மா சொன்னாக.”

இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பிய மனுஷனுக்குச் சந்தனம் வைத்து இலை போட்டுவிட்டார்கள். அதுவும் எத்தனை பிரியத்தோடு!

இராமு செட்டியார் உடனே இளகிவிடவில்லை. பெரியப்பச்சி உயிரோடு இருந்தார் என்பது வேறு. இவள் அவர் பேத்தி என்பது வேறு. வேட்டியையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. வா என்று சொல்லவும் வாய் வரவில்லை.

ஆச்சி கையைத் துடைத்துக்கொண்டு கிட்டத்தில் வந்தார்.

“ஒங்க அம்மா பேரென்ன, ஆத்தா?”

அவள் சொன்னாள். செட்டியார் சட்டென்று ஆச்சியைத் திரும்பிப் பார்த்தார்.

செட்டியார் வீடுகளில் முதல் பெண்ணுக்கு அப்பத்தா பெயர்தான். அண்ணன் வீட்டிலும் அதே பெயர், தம்பி வீட்டிலும் அதே பெயர். வீட்டை மறந்தவனோ, வீட்டைப் பற்றி வெறுமனே கேள்விப்பட்டவனோ அப்படிப் பெயர் வைக்க மாட்டான்.

செட்டியார் பெட்டி முன் உட்கார்ந்தார். மேலிருந்த துணிகளை நகர்த்தி இடம் செய்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டி அந்த வேட்டியை வாங்கிக்கொண்டார்.

ஆச்சிக்கு அதைப் பார்க்கப் பொறுமையில்லை. அந்தப் பெண்ணின் போனைக் காட்டி அவசரப்படுத்தினார்.

“அம்மாவைக் கூப்பிடு ஆத்தா. வலையபட்டியிலேருந்து இன்னொரு தேனம்மை பேசுறேன்னு சொல்லணும்.”