ஆதிகேசவன் கட்டிய பொட்டலம்

"சளி, காய்ச்சலுக்கெல்லாம் நாங்க டாக்டராண்ட போறதே இல்ல டாக்டரம்மா. எங்க ஊரு ஆதிகேசவன் மெடிக்கல்ஸ்ல ரெண்டு ஆன்டிபயாடிக் வாங்கித் துன்னா மூணே நாள்ல போயிடும்."

திருப்பதி ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு ரத்னம்மா பெருமையடிக்க, டாக்டர் காவ்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சீட்டு இல்லாமயா?"

"சீட்டு எதுக்கு? கொரோனாலேர்ந்து பழக்கம். அட்டையிலேர்ந்து பிரிச்சு, பொட்டலம் கட்டி ரெடியா வச்சிக்கினு இருப்பான்."

ரத்னம்மா நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவள். தறியில் இடித்துக்கொண்ட கால், சீழ் பிடித்து வீங்கியிருந்தது.

கொரோனா சமயத்தில் ஊரே ஆன்டிபயாடிக்கைப் பொரிகடலை மாதிரி தின்று தீர்த்தது. வைரஸ் அதற்கெல்லாம் அசையவில்லை. உடம்பிலிருந்த மற்ற கிருமிகள்தான் மருந்துக்குப் பழகிப்போயின. பக்கத்துக் கட்டில்காரருக்கு நாலாவது மருந்தும் மாற்றியாகிவிட்டது, புண் ஆறுகிற வழியைக் காணோம். ரத்னம்மாவுக்கும் அப்படியென்றால் பாதத்தையே எடுக்க வேண்டி வரலாம்.

சாயந்திரம் சீழைச் சோதித்த ரிப்போர்ட் வந்தது. காவ்யா அதை இரண்டு தடவை படித்தாள். சாதாரண மருந்துக்கே கிருமி அடங்கும் என்றிருந்தது.

"உங்க கால் பொழைச்சுதும்மா."

"நான் சொல்லல? எல்லாம் ஆதிகேசவன் மாத்திர பவரு."

சந்தோஷம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். காவ்யா ஆதிகேசவனின் நம்பரை அவளிடம் வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்து போன் போட்டாள்.

"சீட்டு இல்லாம ஊருக்கே ஆன்டிபயாடிக் குடுக்கறீங்களாமே? உங்க மேல கம்ப்ளெயின்ட் எழுதட்டுமா?"

மறுமுனையில் ஆதிகேசவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கொரோனா டைம்ல கேட்டவங்களுக்கெல்லாம் வாரிக் குடுத்தவன்தான் மேடம் நானு. அப்புறம் எங்க நைனாவுக்கு கால்ல புண்ணு வந்துச்சி. ஆஸ்பத்திரியில ஒரு மருந்தும் கேக்கல, செத்துப் பூட்டாரு. இப்ப நான் இல்லன்னு சொன்னா, இவங்க அடுத்த கடைக்குப் போய்டறாங்க. அதான்..."

"அதான்?"

"அதுலேர்ந்து பொட்டலத்துல நான் கட்டறது வெறும் சத்து மாத்திரை மேடம். ரத்னம்மா அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா அதுக்கு சளி போவாது."