பதினேழாவது ரசீது

"வேலையே செய்யாம என் காசைத் தின்னுட்டான் இந்த ஆளு! இவனுக்கெல்லாம் லைசென்ஸ் குடுத்து வெச்சிருக்கறதே மாநிலத்துக்கு அவமானம்!"

உரிம வாரியத்தின் விசாரணை மேஜைக்கு முன்னால், தொப்பியைக்கூடக் கழற்றாமல் கத்தினான் ட்வைட் மேப்ரி. ஓடிப்போன மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் தேடித்தரச் சொல்லி ஆள் அமர்த்தியவன். அவனுக்கு வந்த அறிக்கையில் ஒரே வரிதான்: 'எங்கும் கிடைக்கவில்லை.'

எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார் தனியார் துப்பறிவாளர் வெண்டல் க்ரூஸ். இருபத்திரண்டு வருட லைசென்ஸ். அது போனால், ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு வேறு பிழைப்புத் தெரியாது.

உண்மையில், நாலாம் நாளே அவளைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு பேக்கரி வாசலில், கண்ணுக்குக் கீழே தையல் போட்ட தழும்போடு நின்றிருந்தாள். இவரைப் பார்த்ததும் பிள்ளைகளை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அவர் அனுப்பிச்சாரா?"

அதற்குமேல் அவளைக் காட்டிக்கொடுக்க க்ரூஸுக்கு மனசு வரவில்லை. 'கிடைத்தாள், இடத்தைச் சொல்லமாட்டேன்' என்று எழுதினால், மேப்ரி வேறொருவரை ஏவுவான். அதனால் பொய் எழுதினார். அறிக்கையில் பொய் எழுதினால் லைசென்ஸ் ரத்து. அது சட்டம்.

ரசீதுகளை மூன்று வருடம் பத்திரப்படுத்த வேண்டும் என்பதும் சட்டம்தான். பழக்க தோஷம் யாரை விட்டது? பொய் எழுதிய மனுஷர், அவள் இருந்த ஊரில் வாங்கிய பெட்ரோல் ரசீதை ஒழுங்காகக் கோப்பில் சேர்த்து வைத்துவிட்டார். பின்பக்கத்தில் எப்போதும்போலக் குறிப்பு வேறு: 'மூவரும் நலம். தழும்பு அவன் வேலை. சொல்லப்போவதில்லை.' வாரியம் கோப்பை வாங்கிப்போன பிறகுதான் அவருக்கு அது நினைவுக்கு வந்தது. மூன்று வாரமாகத் தூக்கமில்லை.

அந்தக் கோப்பு இப்போது ஆய்வாளர் லோர்னா ஹாஸ்கெல் கையில். முகவரி மாறியதைப் பத்து நாள் தாமதமாகச் சொன்னதற்காகச் லைசென்ஸ் வைத்திருந்த சொந்த மைத்துனனுக்கே அபராதம் போட்ட புண்ணியவதி!

ஒவ்வொரு ரசீதாக எடுத்து, பதிவுக்காக ஊரையும் தேதியையும் உரக்க வாசித்தார். மேப்ரி ஊர்களைக் குறித்துக்கொண்டே வந்தான்.

"எதுக்கு எழுதறீங்க, மிஸ்டர் மேப்ரி?" என்று கேட்டார் வாரியத் தலைவர்.

"இவன்தான் துப்புக் கெட்டவன். நானே போய்த் தேடிக்கறேன். கையில மட்டும் மாட்டட்டும், அப்புறம் இருக்கு அவளுக்கு!"

லோர்னா ஒரு கணம் அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பதினாறாவது ரசீதை வாசித்து முடித்தார்.

க்ரூஸுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அடுத்தது அதுதான்.

"மேடம், தப்பு என் மேலதான். லைசென்ஸை எடுத்துக்குங்க. மிச்சத்தைப் படிக்க வேணாமே..."

"குறுக்கே பேசாதீங்க, மிஸ்டர் க்ரூஸ்!"

பதினேழாவதை எடுத்தார். பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். க்ரூஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"மொத்தம் பதினாறு ரசீது, தலைவரே," என்றது லோர்னாவின் வறண்ட குரல். "சும்மா ஊர் சுத்தியிருக்கார். உருப்படியா ஒண்ணும் கண்டுபிடிக்கலை. லைசென்ஸை ரத்து செய்யலாம்னு பரிந்துரைக்கிறேன்."

"அப்படிச் சொல்லுங்க!" என்று மேஜையைத் தட்டிய மேப்ரி, சட்டென்று கழுத்தை நீட்டினான். "ஆமா, கையில இன்னொண்ணு இருக்கே. அதைப் படிக்கலையே?"

"இதுவா? என் மளிகைச் சீட்டு," என்று சொல்லி, அதைக் கைப்பைக்குள் போட்டு மூடினார் லோர்னா.