ஒரு சக்கரத்துக்கு மூன்று கிலோ

“எடுத்துக்கோலே. எது வேணுமோ அதை எடுத்துக்கோ” என்றார் அப்பா சின்னச்சாமி.

மதன்குமார் அசையாமல் நின்றான்.

தேனியில் அப்சலின் கடை. சுவர் முழுக்க அலாய் வீல்கள். வாசலில் ஜாக்கியின் மேல் அவனுடைய சிவப்பு போலோ கார். பார்க்கச் சின்ன வண்டி, மிதித்தால் பெரிய வண்டிகளைப் பின்னால் விட்டுப் போகிற ரகம்.

தோட்டத்தில் ஆறு வருடம் பாடுபட்டதற்கு அப்பா சம்பளம் என்று எதையும் கையில் கொடுத்ததில்லை. பழைய வண்டியாகப் பார்த்து இதை அவன் பேரில் வாங்கிக் கொடுத்தார். அதோடு சரி.

மூன்று வருடமாக இந்தக் கடைக்கு வந்து போகிறான். ஒவ்வொரு வீலாகத் தூக்கிப் பார்ப்பான், திரும்ப மாட்டுவான். கம்பெனி வீலைவிடச் சக்கரத்துக்கு மூன்று கிலோ குறைவு. சுற்றுகிற இடத்தில் கனம் குறைந்தால் வண்டியின் குணமே மாறிவிடும். இதை ராத்திரிச் சாப்பாட்டில் அப்பாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பான்.

“நம்ம ரோட்டுக் குழிக்கு இதெல்லாம் தாங்குமா? நடக்குற வண்டிக்கு எதுக்குலே புதுக் காலு” என்று கை கழுவ எழுந்துவிடுவார்.

இன்று காலையில் அவரே வந்து, “கெளம்பு, தேனிக்குப் போவோம்” என்றார்.

ஊரில், ஓடைப்பட்டியில், திராட்சைக்கொடியை வெட்டிவிடும் கவாத்து நடக்கிற நேரம். ஆட்கள் கத்தரியோடு கொடிக்கடியில் நிற்கிறார்கள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த அன்றுகூட கவாத்தை விட்டு வராத மனிதர், வெள்ளை வேட்டி கட்டி வந்திருக்கிறார். நகக்கண்ணில் மட்டும் கொடிக்கு மருந்தாக அடிக்கிற துத்தத்தின் நீலம் போகவில்லை.

மதன்குமாருக்கு இப்போது வீல் வேண்டாம். வண்டியே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்திலிருந்து ஒருவர் வண்டியை எடுத்துப் போக வருகிறார். ஆன்லைனில் படம் பார்த்து, போனில் பேசி முடித்தாயிற்று. கம்பெனியிலிருந்து வந்தது வந்தபடி இருக்க வேண்டும், ஒன்றையும் மாற்றியிருக்கக் கூடாது என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. அந்தப் பணத்தில்தான் சார்ஜா. அங்கே ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் கூட்டாளி ஒருவன் வேலை சொல்லி வைத்திருக்கிறான். வீட்டில் மூச்சு விடவில்லை. போய் இறங்கிய பிறகு போன் பண்ணிக்கொள்ளலாம் என்றிருந்தான்.

வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மூன்று வருடம் கேட்டதை ஏன் வேண்டாம் என்கிறான் என்று கேட்டால்?

“இந்தக் கறுப்பு வீலு வெயில்ல வெளுத்துரும்ப்பா.”

அப்சல் வெண்கல நிறத்தில் ஒன்றை இறக்கி வைத்தான்.

“டயரு உள்ள ஒரசும்.”

அப்சல் அதை மாட்டிக் காட்டினான். ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஒடித்தான். எங்கும் உரசவில்லை.

“நீ அளந்து குடுத்த சைஸுதான மச்சான். பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி நொட்டை சொல்லிக்கிட்டு நிக்கிற.”

சின்னச்சாமி சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

மதன்குமாரிடம் கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது.

“நம்ம ரோட்டுக் குழிக்கு இது தாங்காதுப்பா. விழுந்தா விரிசல் விட்டுரும்.”

மூன்று வருடமாக அப்பா சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லும்போது குரல்கூட அவர் குரலாக இருந்தது.

சின்னச்சாமி குனிந்து ஒரு வீலை ஒற்றைக் கையால் தூக்கினார். பழப்பெட்டி சுமந்து காய்த்த கை. முறத்தை எடுப்பதுபோல வந்தது.

“ஒடையாதுப்பா. கனம் கம்மினாலும் கல்லாட்டம் நிக்கும், மிதிச்சாப் பாயும், பிரேக்கு பிடிச்சா பட்டுனு நிக்கும்னு நீதான சொன்ன.”

ஒரு வார்த்தை பிசகவில்லை. கேட்காத மாதிரி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் அத்தனையும் கேட்டிருக்கிறார்.

மதன்குமாருக்குச் சட்டென்று வழி தெரிந்தது. இப்போது மாட்டிக்கொள்ளட்டும். சனிக்கிழமை இவற்றைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினால் தீர்ந்தது. அரை மணி நேர வேலை.

“சரி, கறுப்பையே மாட்டு அப்சலு” என்றான். “பழைய வீலை டிக்கியில ஏத்திரு.”

“அது எதுக்கு?” என்றார் சின்னச்சாமி. “அதைக் கழிச்சுத்தான் வெலை பேசிருக்கேன். இங்கனயே கெடக்கட்டும்.”

கடைப் பையன்கள் பழைய வீல்களை ஒவ்வொன்றாக உருட்டி உள்ளே கொண்டுபோனார்கள்.

மதன்குமார் பையிலிருந்து போனை எடுத்தான். ராஜபாளையத்துக்காரரிடம் ஏதாவது சொல்லி ஒரு வாரம் தள்ளிப்போடலாம். போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தான்.

“அவரு எடுக்க மாட்டாருய்யா.”

திரும்பினான். அப்பா அவனைப் பார்க்கவில்லை. புது வீலின் விளிம்பைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“முந்தாநேத்தே வண்டியைப் பாக்க வந்துட்டாரு. நீ பைக்கில கம்பத்துக்கு மருந்து வாங்கப் போயிருந்த. ஊருக்குள்ள செகப்பு வண்டின்னு கேட்டுருக்காரு, நம்ம வீட்டைக் கைகாட்டி விட்டுருக்காக. நல்ல மனுசன். ஒங்க ஆத்தா கோழி அடிச்சுச் சோறு போட்டா. வண்டி விக்கிறதுக்கு இல்ல, மகன்கிட்ட நானே சொல்லிக்கிறேன், நீங்க போன் பண்ண வேணாம், அவன் பண்ணாலும் எடுக்க வேணாம்னேன். சரின்னு போயிட்டாரு.”

அப்சல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கையில் ஸ்பானர் பாதியில் நின்றது.

“ஏன் நிறுத்திட்ட மாப்ள?” என்றார் சின்னச்சாமி. “போல்ட்டை நல்லா முறுக்கு.”