மகனின் வண்டிச் சத்தம்

என் மகனின் மோட்டார் சைக்கிளில் திடீரென்று ‘டக்டக்’ என்று ஒரு சத்தம்.

“மெக்கானிக்கைக் கூப்பிடலாமே, மாமா” என்றாள் மருமகள்.

“வேண்டாம்மா. அவன் துருவித் துருவிக் கேப்பான். ஊரெல்லாம் சொல்லுவான். நம்ம வீட்டுக்குன்னு ஒரு மானம் இருக்கு.”

ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். சத்தம் மேலேயிருந்துதான் வந்தது. வால்வைத் தள்ளும் டாப்பெட் தளர்ந்திருந்தது. எஞ்சின் ஆறியதும் மூடியைக் கழற்றி, அவள் டார்ச் பிடிக்க, இடைவெளியைச் சரிசெய்து கிக்கரை உதைத்தேன். வண்டி பழையபடி சீராக உறுமியது.

“அவர் கிளம்புற மாதிரியே இருக்கு, மாமா.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அழாதே. நேரமாச்சு, சட்டையை எடு.”

மகனின் சட்டையைப் போட்டு, அவன் ஹெல்மெட்டை மாட்டி, முகக் கண்ணாடியை இறக்கிக்கொண்டேன். வீட்டை விட்டுப் போனவன் இன்னும் இங்கிருந்துதான் வேலைக்குப் போகிறான் என்று தெரு நம்பவேண்டும். அதற்காகத்தான் தினமும் இந்த வேஷம். முதுகை நிமிர்த்தி, இளவட்டம்போல் கிளப்பினேன்.

எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று கையசைத்தார்.

“வண்டிச் சத்தம் சரியாயிடுச்சு போல. பாத்து மெதுவாப் போங்க, பெரியவரே.”

கண்ணாடியை ஏற்றாமலேயே தலையாட்டினேன்.