தேனீ வீட்டுப் பெண்

"மூணாவது மாடிம்மா. ஜன்னலுக்கெல்லாம் வலை அடிச்சிருக்காராம். ஒரு தேனீகூட உள்ளே வராது!"

சூட்கேஸில் துணிகளை அடுக்கியபடி அவள் சிரித்தாள். கல்யாணம் முடிந்து இரண்டு நாள். மாலையில் கணவனோடு நகரத்துக்கு ரயில் ஏற வேண்டும்.

நான்கு தலைமுறையாகத் தேனீ வளர்க்கும் குடும்பம். அவள் ஒரே பெண். பன்னிரண்டு வயதிலிருந்து தேன்பெட்டிகளுக்குப் புகை போட்டு, கொட்டு வாங்கி, ஒரு நாள்கூட வெளியூரில் தங்காமல் வளர்ந்தவள். 'எனக்குப் பிடிக்கலைப்பா' என்று சொல்ல வாய் வந்ததில்லை. அதனால்தான் ஆபீஸ் வேலை பார்க்கும் வரன் வந்ததும் உடனே தலையாட்டினாள்.

"நான்தான் இங்கே மாட்டிக்கிட்டேன். நீயாவது தப்பிச்சுப் போ," என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி.

அப்போது கணவன் உள்ளே வந்தான். ஒரு கன்னம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. பின்னால் அப்பா.

"ஐயையோ, கொட்டிடுச்சா? நீங்க ஏன் அங்கே போனீங்க?"

"பழகணும்ல? காலையிலேயே ஆபீசுக்கு ராஜினாமா அனுப்பிட்டேன். மாமாகிட்டயும் பேசிட்டேன். இனிமே நாம இங்கேதான்."

அவள் மடித்துக்கொண்டிருந்த புடவையைக் கீழே வைத்தாள். "எதுக்கு?"

"நேத்து தேன்பெட்டி பக்கத்துல தனியா நின்னு தேம்பித் தேம்பி அழுதியே, பார்த்தேன். இதையெல்லாம் விட்டுட்டு வரச் சொல்ல எனக்கு மனசு வரலை."

அவள் அழுதது உண்மைதான். விட்டது தொல்லை என்ற சந்தோஷத்தில் அழுதாள்.

இப்போதும் அவள் கண்கள் நிரம்பி வழிந்தன.

"பாருங்க மாமா," என்றான் அவன் பூரிப்போடு, "உங்க பொண்ணு சந்தோஷத்துல எப்படி அழறான்னு!"